‘பெலும் தெந்து’ மிஸ்ஸி

மழை வருமா என்று யாராவது கேட்டால், வரும் என்றோ வராது என்றோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவதுதானே வழக்கம்? தப்பாகிப் போனால் யார் வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள்? மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கத்தில் ஒரே ஒருவர் மட்டும் அப்படிச் சொல்லமாட்டார். வானம் கன்னங்கரேலென்று கிடக்கும். மண்வாசனை வந்துவிட்டிருக்கும். கோழிகள்கூட வீட்டுக்கடியில் ஒதுங்கியிருக்கும். அந்த மிஸ்ஸி, கையில் குடையை விரிக்கத் தயாராக வைத்துக்கொண்டே, "பெலும் தெந்து" என்பார். மலாயில் அதற்கு இன்னும் நிச்சயமில்லை என்று அர்த்தம். கேட்டவன் தலையில் அடித்துக்கொண்டு போவான்.

நர்ஸைத்தான் எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்போம். அவர் மலாக்காச் செட்டி வம்சம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். நெற்றியில் திருநீறு, மேலே கெபாயாச் சட்டை, கீழே பாத்தேக் கைலி, கொண்டையில் ஒரு ஊசி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழை அவர் வீட்டில் கற்றவரல்ல, ஆஸ்பத்திரிக்கு வரும் தோட்டத்து ஜனங்களிடம் கற்றவர். அதனால் வலி, குத்தல், எரிச்சல், குமட்டல் எல்லாவற்றுக்கும் அவரிடம் தமிழ் உண்டு. சிரிப்புக்கும் அரட்டைக்கும்தான் கிடையாது. சாலையில் என்னைப் பார்த்தால் "தம்பி, வயிறு நல்லா இருக்கா?" என்றுதான் நலம் விசாரிப்பார். பத்துப் பேர் முன்னிலையில் இப்படிக் கேட்டால் மனிதனுக்கு எப்படி இருக்கும்!

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, தேதி குறித்தாகிவிட்டது என்று பண்டா ஹிலிர் திடலே அதிர்ந்த நாள் நினைவிருக்கிறது. நானும் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மிஸ்ஸியிடம், "இனிமே நம்ம நாடு மிஸ்ஸி! எல்லாம் நல்லாயிடும்ல?" என்றேன். அவர் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார் பாருங்கள், அதே இரண்டு வார்த்தை. எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஒரு நாள், அந்த ஒரே ஒரு நாளாவது ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் என்னவாம்?

நான் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். செட்டிக் கம்போங் என்ற அவர்கள் குடியிருப்பின் ஓரத்தில், அம்மா, அக்கா, நான் மூவரும் வாடகைக்குக் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் மிஸ்ஸி வந்து கதவைத் தட்டினார். மலைக்குப் போகவேண்டும் என்றார். கோலப்பிலாவைத் தாண்டிச் சிரம்பானுக்கு ஏறி இறங்கும் வளைவுச் சாலையைச் சொன்னார்.

"அங்க கோயில் இருக்கா மிஸ்ஸி?"

"இல்ல. குருவி இருக்கு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடத் தெரிந்தவரா அவர்! மலையேறி, ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கைப்பையிலிருந்து பைனாக்குலரை எடுத்தார். ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரத் துரை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் போனது அது. பனி மேலே ஏற ஏற, மரங்களில் சின்னச்சின்னதாக ஏதோ துள்ளியது. பச்சையா பழுப்பா என்று சொல்லமுடியாத நிறம். ஒரு இலை அளவுதான் இருக்கும். ஒரு நொடி ஒரு இடத்தில் நிற்காது. தமிழில் அதைக் கதிர்க்குருவி என்று எழுதுகிறார்கள் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். எங்கேயோ வடக்கே பனி உறையும் தேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசியில் சயாம் வழியாக இறங்கி, நம் மலைகளுக்கு வரும். சித்திரையில் திரும்பிப் போகும். அதில் பல ஜாதி. எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருக்கும்.

"இது என்ன குருவி மிஸ்ஸி?"

"புருவம் வெள்ளை. இறக்கையில ஒரு கோடு. ச்சிட் ச்சிட்னு சத்தம்." பைனாக்குலரை இறக்கினார். "கால் பார்க்கல."

"கால் எதுக்கு?"

"ஒரு ஜாதிக்குக் கால் கறுப்பு. ஒரு ஜாதிக்கு வெளுப்பு. கால் பார்க்காம பேர் சொல்லக்கூடாது."

அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்கக் கால் தெரியவில்லை. மத்தியானம் அப்படியே இறங்கி வீட்டுக்கு வந்தோம். ஒரு சொட்டு வருத்தம் அவர் முகத்தில் இல்லை. மலைப்பாதையில் இஞ்சின் கொதித்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டு வந்த எனக்குத்தான் அழுகை வந்தது. அடுத்த ஞாயிறும் வந்து கதவைத் தட்டினார்.

அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று அந்தப் பக்கமெல்லாம் சோதனை. ஒரு தடவை நாங்கள் வளைவில் நின்றிருந்தபோது ஜீப் வந்து நின்றது. பைனாக்குலரோடு ஒரு பெண், பக்கத்தில் கைகட்டி நிற்கும் டாக்சிக்காரன். சந்தேகம் வராமல் என்ன செய்யும்? அதிகாரி இறங்கி வந்து, என்ன பார்க்கிறாய் என்று மலாயில் கேட்டார். குருவி என்றார் மிஸ்ஸி. என்ன குருவி என்றார் அதிகாரி.

"பெலும் தெந்து."

"மைனான்னு சொல்லுங்க மிஸ்ஸி! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கிசுகிசுத்தேன்.

"மைனா இல்லையே தம்பி" என்றார், வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னதுபோல.

குருவி பார்க்க வந்தவளுக்குக் குருவியின் பெயர் தெரியவில்லை என்றால் எந்த அதிகாரி விடுவார்? வண்டியின் சீட்டையெல்லாம் கழற்றித் தேடினார்கள். சோதனைச் சாவடியில் உட்கார வைத்தார்கள். மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பெரிய மிஸ்ஸி "அவளா? அவள் அப்படித்தான்" என்று சிரித்த பிறகுதான் விட்டார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர். கிளம்பும்போது, இப்போதாவது பெயர் தெரிந்ததா என்று கேட்டார். கால் பார்ப்பதற்குள் உங்கள் ஜீப் வந்துவிட்டது என்று இவர் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். மற்ற மிஸ்ஸிகள், படுத்திருப்பவரைப் பார்த்து, "நாளைக்கு எழுந்து ஓடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் சொல்லமாட்டார். கல் நெஞ்சுக்காரி என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் ஒன்று. இவர் "நல்லாயிடும்" என்று சொல்லிவிட்டால், அந்த நோயாளி அப்போதே எழுந்து போர்வையை மடிக்கத் தொடங்கிவிடுவான்.

இன்னொன்றும் எங்கள் தெருவில் பேச்சாக இருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். தனியாள்தானே மிஸ்ஸி? அப்பா, அம்மா, தாத்தா என்று நாலைந்து இலை போட்டால் போதாதா? கூடம் நிறைய இலை போடுவார். அதில் பாதிப் பெயர்கள் தோட்டத்துப் பெயர்கள், செட்டிப் பெயர்களே அல்ல. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் மிஸ்ஸியைச் சொன்னால் அரை மிஸ்ஸிதான் கிடைப்பார்.

அக்காவைச் செங் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஒரு தீபாவளிகூட ஆகவில்லை. ஜப்பான்காரன் லாரியோடு வந்து, சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று மாமாவையும் அந்த லயத்து வீடுகளில் இருந்த ஆண்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போனவர்களில் சிலர் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மாமா வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. அக்கா எங்களோடு வந்துவிட்டாள். தெங்கேராவில் ஒரு மசாலா மில்லில் வேலை. கையெல்லாம் மஞ்சள் ஏறிக் கிடக்கும்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு அம்மா மாமாவுக்கு ஒரு வேட்டி வாங்குவாள். அதைப் படையலில் வைக்கமாட்டாள், வைத்தால் செத்தவராகிவிடுவார். யாருக்கும் கொடுக்கவும் மாட்டாள். முனையில் மஞ்சள் தடவி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள். பெட்டி நிறைந்துபோய், மேலே ஏறி உட்கார்ந்துதான் பூட்டவேண்டியிருந்தது. அக்கா குங்குமம் வைக்கவேண்டும், கொலுசு போடவேண்டும், பூ வைக்கவேண்டும். சுமங்கலி அல்லவா! தலை நரைக்கத் தொடங்கிய சுமங்கலி.

மில் லாரியை ஓட்டியவர் ஒரு நாள் என்னைக் காபிக் கடைக்குக் கூட்டிப்போய், தலையைக் குனிந்துகொண்டே அக்காவைக் கேட்டார். மனைவியை இழந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். அக்காவிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மாகிட்ட கேட்டுப் பாரு" என்றாள். அந்தக் குரலில் எத்தனை வருஷத்து ஆசை இருந்தது தெரியுமா!

அம்மா நடுங்கிப் போனாள். "நாளைக்கே அவரு வாசல்ல வந்து நின்னா நான் என்னடா பதில் சொல்லுவேன்?" செங்கிலிருந்து பெரியப்பா வந்தார். தலைக்கட்டில் மூத்தவர், அவர் சொன்னால்தான் நடக்கும். அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். மாமா செத்ததைப் பார்த்த ஒரே ஒரு ஆள் வந்து சொல்லட்டும். உடனே கருமாதி செய்துவிடலாம், பிறகு மறுகல்யாணத்தை யார் தடுப்பது?

ஆளா இல்லை! கள்ளுக்கடையில் ஒருவர், மாமா காலராவில் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்த வாரமே இன்னொருவர் வந்து, மாமாவைச் சயாமில் ஹாட்யாய் ஊர் டீக்கடையில் பார்த்ததாகவும், சயாம்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தொந்தி போட்டிருப்பதாகவும் அதே கற்பூரத்தை அடித்தார். அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

அப்போதுதான் பெரியப்பா எங்கேயோ கேள்விப்பட்டு வந்து கேட்டார். "ஏண்டா, உங்க மிஸ்ஸியையும் ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனானாமே? முகாம் ஆஸ்பத்திரியில இருந்தாங்களாமே?" எத்தனை ஞாயிறு ஒரே வண்டியில் போயிருக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

எல்லோரும் போனோம். மிஸ்ஸி வேலை முடிந்து வந்திருந்தார். பாய் விரித்து உட்காரச் சொன்னார். அக்கா மட்டும் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா கல்யாணப் போட்டோவை நீட்டினார். மிஸ்ஸி அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"செங்னு சொன்ன ஆள் ஒருத்தர் இருந்தார். பேர் சொல்லல, அதுக்கு மேல பேச முடியல. இந்த உயரம் இருக்கும். இடது காதுல நுனி இல்ல."

"அவருக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா.

"அங்க போன பிறகு போயிருக்கும். நிறையப் பேருக்கு என்னென்னவோ போச்சு."

"அப்ப அவருதானா?" பெரியப்பா முன்னால் நகர்ந்தார். "செத்துட்டாரா?"

"என்னை வேற முகாமுக்கு அனுப்பிட்டாங்க. நான் போறப்ப மூச்சு இருந்துச்சு." போட்டோவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "பெலும் தெந்து."

அந்தக் கூடத்தில் நின்ற இடத்திலேயே அக்காவின் கால் கொலுசு மட்டும் சன்னமாகக் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ஆமான்னு ஒரு வார்த்த. இந்தப் புள்ள பொழைச்சுக்கும். உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?"

"நான் ஆமான்னு சொன்னா, அவர் இன்னிக்கு இங்க, இந்தப் பாயில செத்துடுவார். நான் பார்க்கலயே."

நான் எழுந்துவிட்டேன். "கண்டவன்லாம் கற்பூரம் அடிச்சுப் புளுகுறான். நீங்க ஒரு பொய் சொன்னா குடிமுழுகிப் போயிடுமா? எங்கக்கா என்ன குருவியா, கால் தெரியல வால் தெரியலன்னு சொல்றதுக்கு?" என்று கத்தினேன். மிஸ்ஸியின் கண் சிவந்திருந்தது. அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு மலைச் சவாரி நின்றது. நாடு சுதந்திரம் அடைந்தது, கொடி மாறியது, அக்காவின் டிரங்குப் பெட்டி மாறவில்லை. மறுபடி ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "மிஸ்ஸியக் கூட்டிட்டு மலைக்குப் போ. நானும் வர்றேன்."

"அந்த அம்மா முகத்துல நான் முழிக்கமாட்டேன்."

"நீ ரோட்டப் பார்த்து ஓட்டு, போதும்."

போனோம். அதே வளைவு, அதே பனி. மிஸ்ஸி பைனாக்குலரை முதலில் அக்காவிடம் கொடுத்தார். அக்கா வானத்தையும் கிளையையும் மாறிமாறித் துழாவினாள். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிடைத்துவிட்டது.

"மிஸ்ஸி, போன வருஷம் வந்த அதே குருவியா இது?"

"பெலும் தெந்து."

"அப்ப எதுக்கு வருஷா வருஷம் வர்றீங்க?"

மிஸ்ஸி சாலையோரத் திட்டில் உட்கார்ந்தார். அவருடைய ஆஸ்பத்திரித் தமிழில், வார்த்தையைத் தேடித்தேடிச் சொன்னார். "சயாம்ல மூங்கில் மேல இந்தக் குருவி நிறைய. கீழ பார்த்தா ஆளுங்க படுத்திருப்பாங்க, பார்க்க முடியாது. மேல பார்ப்பேன். பேர் சொல்லிட்டுச் செத்தவங்களுக்கு நான் பார்ச்சுல இலை போடறேன். என்ன ஆனாங்கன்னு தெரியாதவங்களுக்கு இலை போட முடியாதில்ல? அவங்களுக்காக இங்க வரேன்."

நான் வண்டிப் பானெட்டைத் திறந்து, ஒன்றுமில்லாத இஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகத்தை அவர்கள் பார்க்கவேண்டாம் என்றுதான். அக்கா போய் மிஸ்ஸியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் பெரியப்பா சந்தோஷமாக வந்தார். ரெம்பாவ் பக்கம் ஒரு ஆள் கிடைத்திருக்கிறான், அசைக்கமுடியாத சாட்சி என்றார்.

"சாட்சி வேணாம் பெரியப்பா" என்றாள் அக்கா. "அவரு இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியாது. தெரியாமலே நான் லாரிக்காரரைக் கட்டிக்கிறேன்."

"கருமாதி பண்ணாமலா? அவன் திரும்பி வந்துட்டா?"

"வந்தா உட்காரவச்சுக் காபி போட்டுக் கொடுப்பேன். இத்தன வருஷம் காத்திருந்தேன், அதுக்கப்புறம் இப்படிப் பண்ணிக்கிட்டேன்னு நானே சொல்லுவேன். அவரைச் சாகடிச்சுட்டுத்தான் நான் வாழணுமா?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தெருமுனை வரை போய் நின்றவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து, "தேதியாச்சும் நான் பார்க்கலாமா, அதுவும் நீயேதானா?" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். டிரங்குப் பெட்டி திறந்தது. வேட்டிகளை அக்காவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆளில்லாமல் கிடக்கும் ஆண்களுக்குக் கொடுக்கும்படி மிஸ்ஸியிடம் ஒப்படைத்தாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். வந்தால் உடுத்திக்கொள்ள ஒன்று வேண்டுமே என்றாள்.

துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் சந்நிதியில் காலையில் கல்யாணம். கூட்டம் இல்லை. தாலி ஏறியதும் அம்மாவுக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. நேராகப் போய் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, எம்பொண்ணு நல்லா இருப்பாளா?"

கேட்பதற்கு இந்த மலாக்காவிலேயே வேறு ஆள் கிடைக்கவில்லையா! சந்நிதியில், மாலையும் கழுத்துமாக நிற்கும் பெண்ணின் காதில் விழும்படி அந்த இரண்டு வார்த்தை வரப்போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மிஸ்ஸி அக்காவைப் பார்த்தார். மலைச்சாலையில் பார்ப்பாரே, அப்படி, அவசரமில்லாமல், மேலிருந்து கீழ்வரை.

"இருப்பா" என்றார்.

அம்மா அங்கேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள். மிஸ்ஸியை வீட்டில் இறக்கிவிட நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அடக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"மழைக்கே வாயைத் திறக்க மாட்டீங்க. இத மட்டும் எப்படி மிஸ்ஸி அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "கால் பார்த்தேன் தம்பி. நடுங்கல."